ஏழு நீளக் காற்சட்டைகள்

அக்கா லண்டனிலிருந்து வருவதற்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தபோது அலுமாரியைப் பற்றிக் கேட்டாள்.

"பெரிய அறை அலுமாரியில எனக்கு அரைவாசி வேணும். அவரும் பிள்ளையளும் வருகினம். நாலு பேற்ற உடுப்பு. மூண்டு கிழமையும் சூட்கேஸுக்குள்ளயே கிண்டிக்கொண்டு இருக்கேலாது, விளங்குதே?"

விளங்கியது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில் இருக்கிறது இந்த வீடு. அக்கா வாங்கிய வீடு. நானும் அப்பாவும் இருக்கிறோம். அம்மா இறந்து எட்டு வருடம். அப்பாவைப் பார்ப்பது என் பங்கு, இருக்க இடம் தருவது அக்காவின் பங்கு. அப்படி ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாத காரணத்தால் அதில் எதையும் மாற்றித் தரும்படி கேட்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, அப்பா ஹோலில் படுத்திருக்கும் நேரம் பார்த்து, அவள் வீடியோவில் வந்தாள். போனைப் பவுடர் டின்னில் சாய்த்து வைத்தேன். அவள் கோப்பியோடு தன் வீட்டுக் குசினியில் இருந்தாள். வீட்டில் குவிந்து கிடப்பதை எப்படிக் குறைப்பது என்று யாரோ ஒரு பெண் இணையத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம். அதன்படி கட்டிலில் மூன்று குவியல் போடச் சொன்னாள். வைக்கிறது, குடுக்கிறது, தெரியாது.

"தெரியாது எண்ட குவியல் பெருத்துதெண்டா நீ பிழையாச் செய்யிறாய் எண்டு அர்த்தம்," என்றாள்.

முதலில் என் சேலைகள். வேலைக்குக் கட்டிய சேலைகள் மட்டும் பதினாறு இருந்தன. கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். கடைசி ஐந்து வருடம் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். வேலையை விட்டு நாலு வருடமாகிறது. ஒவ்வொரு சேலையாக எடுத்துப் போனுக்கு முன்னால் பிடித்தேன்.

"கடைசியா எப்ப கட்டினனீ?"

"வேலைக்குப் போகேக்க."

"அப்ப நாலு வருஷம். குடு."

அடுத்ததைப் பிடித்தேன். "குடு." அதற்கடுத்தது. "குடு."

ஒரு வருடமாக உடுக்காத உடுப்பை இனியும் உடுக்க மாட்டோம் என்பது அந்தப் பெண்ணின் விதி. லண்டனில் அது சரியாக இருக்கலாம். கடந்த ஒரு வருடத்தில் நான் உடுத்தியவை வீட்டுக்குப் போடும் மூன்று சோட்டிக் கவுனும் கிளினிக்குக்குப் போக இரண்டு சுடிதாரும்தான். அந்த விதியைப் பிடித்தால் அலுமாரியில் என்னுடையது என்று ஒன்றும் மிஞ்சாது.

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை இருந்தது. பொறுப்புக் கிடைத்த மாதம் நானே போய் நானே தெரிந்து வாங்கியது. அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இதை வைக்கட்டோ அக்கா?"

"எங்க போகப் போறாய் அதைக் கட்டிக்கொண்டு?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இருந்திருந்தால் அந்தச் சேலை தப்பியிருக்கும். ஒரு கலியாண வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். அப்பாவை விட்டுவிட்டு நான் எந்தக் கலியாண வீட்டுக்குப் போவது? குடுக்கிற குவியலில் வைத்தேன்.

பிறகு அக்கா அனுப்பிய உடுப்புகள் வந்தன. லண்டனிலிருந்து யார் வந்தாலும் ஒரு பை கொடுத்துவிடுவாள். கை இல்லாத சட்டைகள், கம்பளி மேலாடைகள், குளிருக்குப் போடும் தடித்த காலுறைகள், கழுத்துச் சால்வைகள்.

"அது நான் அனுப்பினதெல்லோ? அதை வை."

"ஒருநாளும் போடேல்லை அக்கா. கொழும்பு வெக்கைக்கு..."

"புதுசு. ஏன் குடுக்கிறாய்? வை."

இப்படியாக ஐந்தரை மணியளவில் நான் உடுத்தியவை எல்லாம் போகவும், நான் ஒருநாளும் உடுத்தாதவை எல்லாம் இருக்கவும் முடிவாயிற்று. நான் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று அக்கா கேட்டாள். தும்மல் வந்தது, பூச்சி உருண்டை மணம் என்றேன்.

கடைசியாக அப்பாவின் உடுப்புகள்.

"சேட் ஒரு நாலைஞ்சு காணும். லோங்ஸ் எத்தினை கிடக்கு?"

"ஏழு."

"ஏழோ! வீட்டுக்குள்ள இருக்கிற மனிசனுக்கு ஏன் ஏழு? கோயிலுக்கும் கிளினிக்குக்கும் ரெண்டை வைச்சிட்டு மற்றதைக் குடு. வீட்டில சாரத்தோட இருக்கட்டும். காத்துப் படும்."

ரெண்டை வை என்று அவள் சொன்னாள். இதை நான் இப்போதே தெளிவாக எழுதிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு, ராத்தா என்று நான் கூப்பிடும் கீழ்வீட்டு முஸ்லிம் பெண்மணியிடமும், உடுப்பு எடுக்க வந்தவர்களிடமும், அப்பாவிடமும்கூட, எல்லாம் அக்கா சொல்லிச் செய்தது என்றுதான் சொன்னேன்.

அப்பா அரசாங்கத் திணைக்களமொன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. ஓய்வு பெற்றது அவருடைய மனத்திலிருந்து கழன்றுபோய் ஐந்து வருடமாகிறது. ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு எழும்பிக் குளிப்பார். நீளக் காற்சட்டை போட்டு, சேட்டை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, பொக்கற்றில் பேனையைக் குத்தி, ஏழு மணிக்கு வாசல் கதவடியில் வந்து நிற்பார்.

"பிள்ளை, கதவைத் திற. பஸ் போயிடும்."

கதவு பூட்டியிருக்கும். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள், நான் வேலைக்குப் போன பிறகு, பார்க்க வைத்திருந்த பெண் குளிக்கப் போன நேரம், அவர் இறங்கிப் போய்விட்டார். அன்று பின்னேரம் நகரின் மறுகோடியில், ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் ஒரு வளவுக்குள் இருந்து கண்டெடுத்தோம். காவல்காரர் தன் கதிரையைக் கொடுத்து இருத்தி வைத்திருந்தார். அடுத்த கிழமை வேலையை விட்டேன். அன்றிலிருந்து கதவுத் திறப்பு என் சோட்டிப் பொக்கற்றில்தான்.

கதவு திறக்காவிட்டால் அப்பா கைபிடியை ஆட்டுவார். முதலில் மெதுவாக. பிறகு பலமாக. ஒன்பது ஒன்பதரை வரை போகும். சில நாட்களில் கதவில் வாயை வைத்து, "ஆரும் இருக்கிறியளோ? என்னைப் பூட்டி வைச்சிருக்கினம்," என்று கூப்பிடுவார். மாடிப்படியில் ஏறிப் போகிறவர்களின் காலடி ஒரு கணம் நின்று பிறகு போகும். நான் குசினியில் நின்று தேங்காய் துருவுவேன். அந்தக் கைபிடி ஆடும் சத்தம் இல்லாத ஒரு விடியற்காலை எப்படி இருக்கும் என்று யோசிப்பேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. இடுப்பில் சுற்றும் சாரத்தோடு அவர் வாசற்படி தாண்ட மாட்டார். பத்திரிகை எடுக்கக் கீழே போவதென்றாலும் நீளக் காற்சட்டை வேண்டும். அந்தப் பழக்கம் மட்டும் மறதியில் கரையாமல் அப்படியே நின்றது. அக்கா போனை வைத்த பிறகு, ஏழு காற்சட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தபோது, அதுதான் என் நினைவுக்கு வந்தது.

காற்சட்டை இல்லாவிட்டால் அவர் போகக் கேட்க மாட்டார்.

வேறு யோசனை எதுவும் வரவில்லை. மறுநாள் அவர் கதவடியை விட்டு வந்து சாரத்துக்கு மாறிய பிறகு, ஏழையும் பைக்குள் போட்டு, மேலே என் சேலைகளை வைத்து, வாயைக் கட்டினேன்.

கீழ்வீட்டு ராத்தாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஓர் இடம் தெரிந்திருந்தது. சில பெண்கள் சேர்ந்து பழைய உடுப்புகளைச் சேகரித்துத் தேவையானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ராத்தா போன் போட்டுச் சொல்ல, திங்கட்கிழமை பின்னேரமே வான் வந்தது. நாலு பைகளும் போயின.

செவ்வாய்க்கிழமை விடிய அப்பா குளித்துவிட்டு வந்து அலுமாரியைத் திறந்தார். கொழுவிகள் வெறுமையாகத் தொங்கின. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ர லோங்ஸ் எங்க?"

"தோய்க்கக் குடுத்திருக்கு அப்பா."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். அக்கா வாறா எல்லோ. எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தச் சொன்னவ."

அவர் தலையாட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தார். சேட் போட்டு, பேனை குத்தி, கீழே சாரம். ஏழு மணியானது. ஏழரை ஆனது. கதவடிக்கு அவர் வரவில்லை. நான் பல்கனியில் நின்று தேத்தண்ணி குடித்தேன். நாலு வருடத்தில் முதல்முறையாகச் சூடாகக் குடித்தேன். கடற்கரையோரம் ரயில் போகும் சத்தம் கேட்டது. அது ஒவ்வொரு நாளும் அந்த நேரம் போகிற ரயில்தான். நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அன்று முழுவதும் அப்பா அறையை விட்டு வரவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துக் கூப்பிட்டேன்.

"இஞ்ச கொண்டு வா பிள்ளை. ஆரும் வந்தா..."

"ஆரும் வரமாட்டினம் அப்பா."

"வந்தா?"

அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்னேரம் ராத்தா வட்டிலப்பம் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். அப்பாவுக்கு அது விருப்பம். ராத்தா அறை வாசலில் நின்று, "எப்படி ஈக்கிறீங்க?" என்று கேட்டதும் அப்பா தலையணையை எடுத்து முழங்காலை மூடிக்கொண்டார். ஏதோ தெரியாத இடத்தில் பாதி உடுப்போடு அகப்பட்டவர்போல முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ராத்தா என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அடுத்தநாள் எழும்பியதும் எனக்குப் பயமாக இருந்தது. காலி வீதிக் கடையொன்றில் புதிதாக ஒரு நீளக் காற்சட்டை வாங்கிவரலாம் என்று தீர்மானித்தேன். ராத்தாவைப் பத்து நிமிடம் மேலே வந்து இருக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் வாங்கி வந்தேன். கடும் நீலம், நல்ல துணி. அப்பா அதைக் கையில் வாங்கி, இடுப்புப் பட்டிக்கு உள்ளே விரலை விட்டுத் தேடினார். அவருடைய காற்சட்டைகள் எல்லாம் ஒரே தையற்காரர் தைத்தவை. இடுப்புக்கு உள்ளே, வலப்பக்கம், பஸ் சீசன் டிக்கெட் வைக்க ஒரு சின்னப் பொக்கற் இருக்கும். புதியதில் அது இல்லை. மடித்து என்னிடமே தந்தார்.

"இது வேற ஆற்றையோ. உரிய ஆளிட்டைக் குடு."

பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டினமோ?"

"இல்லை அப்பா."

"நான் என்ன பிழை செய்தனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. கடிதம் கிடிதம் வந்ததோ?"

"ஒண்டும் வரேல்லை."

"அம்மாவுக்குச் சொல்லாதை. அவள் யோசிப்பாள்."

நான் வெளியே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். ஒருவரைப் பூட்டி வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்றில்லை. நாலு வருடமாக எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, இன்னும் ஒரு பூட்டை எடுத்து அவருக்குப் போட்டிருந்தேன். கதவுப் பூட்டென்றால் அவர் ஆட்டிப் பார்க்கலாம், சத்தம் போடலாம். இதை அவர் எதைப் பிடித்து ஆட்டுவது?

ராத்தா ஹோலில்தான் இருந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அக்கா ரெண்டு வைக்கச் சொன்னவ, நான்தான் ஏழையும் போட்டனான், ஏன் போட்டனான் என்பதையும் சொன்னேன். ராத்தா ஏசவில்லை, தடவிக்கொடுக்கவும் இல்லை.

"இப்பவே போங்க தங்கச்சி. அங்க சாமான் தங்காது. வாப்பாவ நான் பாத்துக்கொள்றேன். லுஹர் தொழுகைய இங்கயே தொழுறேன்."

பழைய சுடிதாரோடு இறங்கினேன். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. யன்னலோரம் இடம் கிடைத்தது. என் அலுவலகம் இருந்த தெருவைக் கடந்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பட்டது. இறங்கி என்ன செய்வேன் என்று தெரியாது.

ஒரு குறுக்குத் தெருவில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்டபம் அது. பாய் விரித்து ஆறேழு பெண்கள் உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"லோங்ஸா?" அவர் தலையில் கையை வைத்தார். "ஆம்பளைங்க உடுப்பு இங்க நிக்கவே நிக்காதும்மா. வந்த அன்னைக்கே போயிரும். பொம்பளைங்க உடுப்புத்தான் மலை மாதிரி கெடக்கும். அஞ்சு நேத்தே கிராண்ட்பாஸ் பக்கத்து ஆளுங்களுக்குக் குடுத்தாச்சு. ஒண்ண வெட்டிக் கட்டைக் காற்சட்டை ஆக்கிட்டாங்க. பாருங்க, ஒண்ணு கெடக்கணும். இடுப்பு பெருசுன்னு யாரும் எடுக்கல."

கிடந்தது. சாம்பல் நிறம். அப்பா கொழுத்திருந்த காலத்தில் தைத்தது. இடுப்புக்கு உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். சின்னப் பொக்கற் இருந்தது. அந்த மண்டபத்தின் நடுவில் நின்று அதை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"யாரு, அப்பா தவறிட்டாரா?" என்று ஒரு பெண் மெல்லக் கேட்டாள்.

"இல்லை. இருக்கிறார்," என்றேன்.

திரும்பும்போது மண்டபத்தின் மூலையில், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஓர் இளம்பெண் சேலை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். என் கத்தரிப்பூ நிறச் சேலை. மடிப்பு அவள் கைக்கு நிற்கவில்லை. ஒரு பெண் ஊசி குத்த, மற்றவள் இழுக்க, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பதை அவள் கண்ணாடியில் கண்டாள்.

"இது உங்களோடதா அக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம்," என்றேன்.

"ஐயோ, வேணும்னா எடுத்துக்கோங்க. நாளைக்கு நகைக்கடை ஒண்ணுல வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குத்தான் பாத்தேன். வேற கட்டிக்கலாம்." சொல்லிக்கொண்டே தோளில் குத்திய ஊசியைக் கழற்றத் தொடங்கினாள்.

அவள் அதைக் கழற்றித் தர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையின் பலத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கை நீட்டவும் கூடச் செய்தேன். பிறகு அந்தக் கையால் மடிப்பைப் பிடித்து, "இந்தத் துணி அப்பிடித்தான், விறைச்சுக்கொண்டு நிக்கும். முதல் அயர்ன் பண்ணுங்கோ, பிறகு மடியுங்கோ," என்று கட்டிக் காட்டினேன். சேலை அவளுக்கு நன்றாக இருந்தது. அவள் நன்றி சொன்னபோது நான் ஏற்கெனவே கவலைப்படத் தொடங்கிவிட்டேன். பஸ் தரிப்பிடம் வரை, ஒவ்வொரு அடியிலும், திரும்பிப் போய்க் கேட்போமா என்று யோசித்தேன். நல்ல மனத்தோடு கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை.

தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே போய் ஒரு பணிஸும் பிளேன்டீயும் கேட்டேன். மின்விசிறிக்குக் கீழே தனியாக இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் யாருக்கு என்ன உறவு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கதிரையிலேயே பின்னேரம் வரை இருந்தால் என்ன? பிறகு இன்னொரு பஸ் ஏறி வேறு எங்காவது போனால்? எங்கே என்று இடமொன்றும் மனத்தில் வரவில்லை. போவது மட்டும்தான் வந்தது. இரண்டாவது பிளேன்டீக்குச் சொன்னேன். அது வருமுன் போன் அடித்தது.

"தங்கச்சி, வாப்பா உங்கள தேடுறார். ஒண்டும் இல்ல, பயப்படாதீங்க. மகள் எங்க, மகள் எங்கண்டு கேட்டுட்டே ஈக்கிறார்."

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சாம்பல் நிறக் காற்சட்டையைத் தோய்த்து, மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டு, பின்னேரம் அயர்ன் பண்ணி அலுமாரியில் கொழுவினேன். வியாழக்கிழமை விடிய அப்பா அலுமாரியைத் திறந்தார். எடுத்தார். உள்ளே விரலை விட்டார். காணாமல் போனது கிடைத்த மாதிரி அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். இடுப்பில் நாலு விரலுக்கு இடம் இருந்தது. பெல்ட்டை இறுக்கக் காற்சட்டை சுற்றிவரச் சுருங்கி நின்றது. ஏழு மணிக்குக் கதவடிக்கு வந்தார்.

"பிள்ளை, கதவைத் திற. பஸ் போயிடும்."

நான் சோட்டியை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன்.

அவர் தயங்கினார். நாலு வருடத்தில் அந்தக் கதவு அவர் கேட்டு ஒருநாளும் திறந்ததில்லை. என்னைப் பார்த்தார்.

"நீயும் வாறியோ?"

"ஓம் அப்பா. நானும் அந்தப் பக்கம்தான்."

ஒழுங்கையில் நடந்து காலி வீதிக்கு ஏறப் பதினைந்து நிமிடம் ஆனது. தரிப்பிடத்தில், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அலுவலகப் பெண்களுக்கும் நடுவில் நின்றோம். கோட்டைப் பக்கம் போகும் பஸ் வந்தது. அப்பா ஏறினால் நானும் ஏறுவது என்று தீர்மானித்திருந்தேன். நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு, "எனவத?" என்று சிங்களத்தில் வாறீங்களா எனக் கேட்டார். அப்பா பஸ்ஸின் நெற்றியை நிதானமாக வாசித்தார். கையை ஆட்டிப் போகச் சொன்னார். அடுத்தது வந்தது. அதையும் விட்டார். ஆறு பஸ் போன பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ர பஸ் இண்டைக்கு இல்லைப் போல. வா, போவம்."

வீட்டுக்கு வந்து, மேசையில் இருந்து புட்டுச் சாப்பிட்டார். கதவுக் கைபிடி அன்று ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். அலுமாரியின் வெறும் பக்கத்தைக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள்.

"அப்பாட லோங்ஸ் ரெண்டு வைச்சனீதானே?"

"இல்லை. ஏழையும் குடுத்தனான். பிறகு போய் ஒண்டைத் திருப்பிக் கொண்டு வந்தனான்."

"நான் ரெண்டு வைக்கச் சொன்னனானே?"

"ஓம். சொன்னனீங்கள்."

"பிறகு ஏன்?"

"லோங்ஸ் இல்லாட்டி வெளியில போகக் கேக்க மாட்டார் எண்டு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"நீ கடைசியா எப்ப தனிய வெளியில போனனீ?"

"புதன்கிழமை. கொட்டாஞ்சேனைக்கு."

"அதுக்கு முதல்?"

யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அக்கா காத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய முகம் திரையிலிருந்து விலகியது. சுவரில் மாட்டியிருந்த கலண்டர் மட்டும் தெரிந்தது. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"நான் வந்து நிக்கிற மூண்டு கிழமையும் அப்பாவை நான் பாக்கிறன்," என்றாள் திரும்பி வந்து. "நீ எங்கயெண்டாலும் போய் நிண்டிட்டு வா."

"எங்க அக்கா?"

அவளுக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணம் என்றாள். அங்கே யார் இருக்கிறார்கள் என்றேன். நுவரெலியா என்றாள். தனியப் போய் என்ன செய்வது என்றேன். யோசித்து வை என்று சொல்லிப் போனை வைத்தாள். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு தையற்காரரிடம் சாம்பல் நிறக் காற்சட்டையைக் காட்டி, அதேபோல உள்பொக்கற்றோடு, ஆனால் இப்போதைய இடுப்புக்கு, இன்னும் இரண்டு தைப்பித்தேன். அப்பா அவற்றை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு நாங்கள் இறங்குகிறோம். போய்வர ஒன்றரை மணித்தியாலம். தேத்தண்ணி மீண்டும் ஆறிப்போகிறது. நடத்துனர்கள் இப்போது எங்களுக்காக நிறுத்துவதில்லை. தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். சில நாட்களில் அவர் எழும்பச் சுணங்கும். அப்போதெல்லாம் அறை வாசலில் சத்தம் செய்யாமல் நின்று, இன்றைக்கு மறந்துவிட்டாரோ என்று பார்ப்பேன். மறந்திருக்க வேண்டும் என்றுதான் பார்ப்பேன். அவர் மறப்பதில்லை.

இன்று விடியவே மழை. அக்கா வர இன்னும் ஒன்பது நாள். அப்பா சேட்டும் பெல்ட்டுமாக வந்து நின்றபோது நான் யன்னலைக் காட்டினேன்.

"மழை அப்பா. இண்டைக்கு விடுவமே?"

"மழையெண்டு ஒப்பீஸ் பூட்டுறதில்லை, பிள்ளை," என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். ஒழுங்கையில் வெள்ளம் கணுக்கால் வரை நின்றது. அவர் குனிந்து காற்சட்டை நுனிகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.